ஒரு வரி நிரலுக்கு 590 வரி சோதனை: எஸ்க்யூலைட்டின் கதை

உங்கள் அலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறது. அது எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது? தொடர்பு எண்கள், அழைப்புகளின் பட்டியல், உலாவியில் நேற்றுப் பார்த்த பக்கங்கள்... இவையெல்லாம் எங்கே இருக்கின்றன? பெரும்பாலான அலைபேசிகளில் இதற்கு ஒரே பதில்தான். எஸ்க்யூலைட் என்ற சின்னஞ்சிறு தரவுத்தள மென்பொருள்! ஆண்ட்ராய்டு, ஐபோன், பயர்பாக்ஸ், குரோம் என்று எல்லாவற்றுக்குள்ளும் இது சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் மென்பொருளிலும் இருக்கிறது. உலகில் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட எஸ்க்யூலைட் தரவுத்தளங்கள் புழக்கத்தில் இருக்கக்கூடும் என்பது அதை உருவாக்கியவர்களின் மதிப்பீடு.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமக்கும் மென்பொருளை எழுதுவது ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் வேலை செய்யும் நிறுவனம் அல்ல. விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சிறு குழுதான். அதுமட்டுமல்ல, அந்த நிரலுக்குக் காப்புரிமையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கலாம். ஏதாவது உடைந்தால் வழக்குப் போடக்கூட ஆள் இல்லை.

அப்படியானால் விமானம் செய்பவர்களும் அலைபேசி செய்பவர்களும் எதை நம்பி இதை எடுத்துக்கொண்டார்கள்?

பதில் ஓர் எண்ணில் இருக்கிறது. 2023 மே மாதம் வெளிவந்த 3.42.0 பதிப்பில், எஸ்க்யூலைட்டின் மூலநிரல் சுமார் 1,55,800 வரிகள். அதைச் சோதிப்பதற்காக எழுதப்பட்ட நிரல் சுமார் 9 கோடியே 20 லட்சம் வரிகள். அதாவது ஒவ்வொரு வரி நிரலுக்கும் ஏறக்குறைய 590 வரி சோதனை!

ஆனால் இந்த எண் ஒரே நாளில் வந்ததில்லை. அதன் பின்னால் இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சில அடிகளும் சில அவமானங்களும்கூட இருக்கின்றன.

போர்க்கப்பலில் தொடங்கியது

2000-ஆம் ஆண்டு. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர் ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் வேலை செய்துகொண்டிருந்தார். அமெரிக்கக் கடற்படையின் ஆஸ்கர் ஆஸ்டின் என்ற ஏவுகணைக் கப்பலுக்கான மென்பொருள் அது. கப்பல் தாக்கப்பட்டுக் குழாய்கள் உடைந்தால், எந்த வால்வை மூட வேண்டும், எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்று உடனே சொல்ல வேண்டும். அதுதான் அந்த மென்பொருளின் வேலை.

இதற்கான தகவல்கள் இன்பார்மிக்ஸ் என்ற தரவுத்தளத்தில் இருந்தன. அது தனியாக ஒரு சர்வரில் ஓட வேண்டும். சர்வர் நின்றுபோனால் ஹிப்பின் மென்பொருளும் கையை விரித்துவிடும். 'தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை' என்ற செய்தி திரையில் வரும். தவறு சர்வரில் இருந்தாலும் செய்தியைக் காட்டுவது ஹிப்பின் மென்பொருள்தானே! பழி அவர் மேல் விழுந்தது. கப்பல் தாக்கப்பட்ட நேரத்தில், மிக அவசரமான நிமிடத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் என்ன ஆகும்?

சர்வரே இல்லாமல், வட்டில் உள்ள ஒரு கோப்பிலிருந்து நேரடியாகத் தகவலைப் படித்தால் என்ன என்று ஹிப் யோசித்தார். இடையில் அந்த ஒப்பந்த வேலை சில மாதங்கள் நின்றுபோக, கிடைத்த நேரத்தில் தானே எழுதத் தொடங்கினார். 2000 ஆகஸ்டில் முதல் பதிப்பு வெளிவந்தது. அதுதான் எஸ்க்யூலைட்.

ஆக, பிறக்கும்போதே இதற்கு ஒரு குணம் இருந்தது. மற்றவை எல்லாம் உடைந்துபோன நேரத்திலும் வேலை செய்ய வேண்டும் என்பதே அது. ஆனால் குணம் இருந்தால் மட்டும் போதுமா? அதை நிரூபிக்க வேண்டாமா?

முதல் விதி: வழுவுக்கு ஒரு நினைவுக்கல்

எஸ்க்யூலைட் முதலில் டிக்கிள் என்ற நிரல் மொழியின் ஒரு துணைப்பொருளாகத்தான் வளர்ந்தது. ஆகவே சோதனைகளும் அந்த மொழியிலேயே எழுதப்பட்டன. மூலநிரல் இருக்கும் அதே இடத்தில் சோதனைகளும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. நிரலை மாற்றியவுடன் சில நிமிடங்களில் ஓட்டிப்பார்க்கக்கூடிய சிறு தொகுப்பு ஒன்று, வெளியீட்டுக்கு முன் ஓட்டும் பெரிய தொகுப்பு ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இங்கே பிறந்த ஒரு விதிதான் இந்தத் திட்டத்தின் முதுகெலும்பு. யாராவது ஒரு வழுவைக் கண்டுபிடித்துச் சொன்னால், நிரலைத் திருத்திவிட்டால் மட்டும் வேலை முடிந்ததாகக் கருதப்படாது. திருத்தாத பழைய நிரலில் அந்த வழுவை வெளிக்காட்டும் ஒரு சோதனையையும் எழுதிச் சேர்க்க வேண்டும். அதன்பிறகுதான் அந்த வழு 'தீர்ந்தது' என்ற கணக்கில் வரும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் இதன் பலன் மிகப் பெரியது. ஐந்து ஆண்டு கழித்து வேறு ஒருவர் அதே இடத்தைத் தொடுவார். பழைய கதை அவருக்குத் தெரியாது. எழுதியவருக்கே மறந்திருக்கும். ஆனால் சோதனைக்கு மறதி கிடையாது! பழைய வழு வேறு வேடத்தில் திரும்பி வந்தால் அன்றே பிடித்துக்கொடுக்கும். போரில் இறந்த வீரனுக்கு ஊரார் நடுகல் வைப்பதுபோல, இறந்துபோன ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு கல் நட்டு வைக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான். இங்கே கல் நடுவது செத்தது எழுந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக!

கோடிக் கைகளில் போனபோது

2000-களின் நடுவில் அலைபேசி நிறுவனங்கள் எஸ்க்யூலைட்டை எடுக்கத் தொடங்கின. மோட்டரோலா, சிம்பியன், பிறகு ஆண்ட்ராய்டு. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு அலைபேசி சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு வெளிவந்த பயர்பாக்ஸ் 3 உலாவியும் புத்தகக்குறிகளையும் வரலாற்றையும் எஸ்க்யூலைட்டில் வைக்க ஆரம்பித்தது.

அதுவரை ஹிப்பின் குழு தங்கள் மென்பொருள் நன்றாகச் சோதிக்கப்பட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ஆயிரம் பேர் பயன்படுத்தும்போது தலைகாட்டாத வழு, லட்சக்கணக்கானவர்கள் பயன்படுத்தும்போது தலைகாட்டும். பத்து லட்சத்தில் ஒரு தடவை மட்டுமே நடக்கக்கூடியது என்றால், அலைபேசி உலகில் அது தினமும் நடக்கிறது என்று பொருள். நடக்கவே நடக்காது என்று நினைத்த வழுக்கள் எல்லாம் புகார்களாக வந்து குவிந்ததை ஹிப் பின்னாளில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் அவருக்கு விமானத்துறை நினைவுக்கு வந்தது.

விமானத்திலிருந்து வந்த கடன்

விமான மின்னணுக் கருவிகள் செய்யும் ராக்வெல் காலின்ஸ் நிறுவனத்துடன் ஹிப்புக்குத் தொடர்பு இருந்தது. அவர்கள் வழியாக அவர் அறிந்துகொண்டது டிஓ-178பி என்ற நெறிமுறை. 1992-இல் வெளியான இந்த ஆவணம், விமானத்தில் ஏறும் மென்பொருள் எப்படி எழுதப்பட வேண்டும், எப்படிச் சோதிக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. மென்பொருள் தவறினால் எவ்வளவு சேதம் என்பதைப் பொறுத்து 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து நிலைகள். விமானமே விழுந்துவிடக்கூடும் என்றால் அது 'ஏ' நிலை. அதற்குத்தான் மிகக் கடுமையான சோதனை. அதன் பெயர் எம்.சி./டி.சி.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓர் உதாரணத்தில் விளக்கிவிடலாம்.

தேர்வு அறை வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். நுழைவுச்சீட்டும் இருக்க வேண்டும், அடையாள அட்டையும் இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே விட வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. அவர் சரியாக வேலை செய்கிறாரா என்று எப்படிச் சோதிப்பது? இரண்டும் உள்ள ஒரு மாணவனை அனுப்பிப் பார்க்கலாம். உள்ளே விடுகிறார். இரண்டும் இல்லாத ஒருவனை அனுப்பலாம். தடுக்கிறார். 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு முடிவுகளும் வந்துவிட்டன. போதுமா?

போதாது! அவர் அடையாள அட்டையைப் பார்க்காமலேயே, நுழைவுச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டு விடுபவராகவும் இருக்கலாம். மேலே சொன்ன இரண்டு சோதனைகளிலும் அந்தக் குறை தெரியவே தெரியாது. ஆகவே நுழைவுச்சீட்டு மட்டும் உள்ள ஒருவன், அடையாள அட்டை மட்டும் உள்ள ஒருவன், இரண்டும் உள்ள ஒருவன் என்று மூன்று பேரை அனுப்ப வேண்டும். அப்போதுதான் இரண்டு நிபந்தனைகளில் ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிவை மாற்றுகிறது என்பது உறுதியாகும். இதுதான் எம்.சி./டி.சி. நிரலில் உள்ள ஒவ்வொரு முடிவெடுக்கும் இடத்திலும், அதற்குள் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் இப்படிச் செய்ய வேண்டும்.

இவ்வளவு பெரிய ஒரு நிரலில் இப்படிப்பட்ட இடங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! வாரத்துக்கு 60 மணி நேரம் என்று ஓர் ஆண்டு உழைத்ததாக ஹிப் சொல்கிறார். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து சதவீதம் வரை எளிது. கடைசி ஐந்து சதவீதம்தான் உயிரை வாங்கியதாம். இதற்காகவே டிஎச்3 என்ற புதிய சோதனைத் தொகுப்பு எழுதப்பட்டது. 2009 ஆகஸ்டில் வெளிவந்த 3.6.17 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டின் மையநிரல் 100 சதவீதக் கிளைச் சோதனையைத் தொட்டது.

பலன்? அலைபேசிகளிலிருந்து வந்துகொண்டிருந்த வழுப் புகார்கள் ஏறக்குறைய நின்றே போயின. அடுத்த எட்டு ஒன்பது ஆண்டுகள் பெரிதாக எதுவும் வரவில்லை என்பது ஹிப்பின் கணக்கு. இதைவிட முக்கியமான பலன் வேறொன்று. பயம் போய்விட்டது! பழைய நிரலைத் தொட்டால் எது உடையுமோ என்ற அச்சத்தில் யாரும் எதையும் மாற்றாமல் விட்டுவிடுவது பல திட்டங்களின் நோய். சோதனை முழுமையாக இருந்தால் துணிந்து உள்ளே கைவைக்கலாம். உடைந்தால் உடனே தெரிந்துவிடும். சிறு குழு ஒன்று இருபது ஆண்டுக்கு மேலாக நிரலைச் சுறுசுறுப்பாக மாற்றிக்கொண்டே இருக்க முடிந்ததன் இரகசியம் இதுதான்.

கெட்டதே நடக்கட்டும்

எல்லாம் நன்றாக இருக்கும்போது வேலை செய்வது பெரிய விஷயமில்லை. அலைபேசியில் பேட்டரி திடீரென்று தீர்ந்துவிடும். நினைவகம் நிரம்பிவிடும். வட்டு பழுதாகிவிடும். அப்போது என்ன ஆகும்?

இதற்காக எஸ்க்யூலைட் குழு வேண்டுமென்றே கெட்டதை நடத்திப் பார்க்கிறது. நினைவகம் கேட்கும்போது முதல் தடவையே 'இல்லை' என்று சொல்லும்படி ஏற்பாடு செய்கிறார்கள். நிரல் அதைச் சமாளிக்கிறதா? சரி, அடுத்து இரண்டாவது தடவை 'இல்லை'. பிறகு மூன்றாவது தடவை. இப்படியே ஒவ்வொன்றாக, வேலை எந்தத் தடையும் இல்லாமல் முடியும் வரை! வட்டில் எழுதுவது, படிப்பது தோல்வியடைவதையும் இதே முறையில் சோதிக்கிறார்கள்.

மின்சாரம் போவதை எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்க முடியாதே! ஆகவே போலியான ஒரு வட்டை மென்பொருளிலேயே உருவாக்குகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துகிறார்கள். எழுதியவற்றில் சிலவற்றைக் கலைத்தும் சிதைத்தும் விடுகிறார்கள். பிறகு தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கிறார்கள். ஒரு மாற்றம் முழுதாக நடந்திருக்க வேண்டும், அல்லது நடக்கவே நடக்காததுபோல் பழைய நிலை இருக்க வேண்டும். பாதி மட்டும் இருந்தால் தோல்வி.

இன்னொரு வினோதமும் உண்டு. சோதனையையே சோதிக்கிறார்கள்! நிரலில் ஒரு கிளையை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு, சோதனைத் தொகுப்பு அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பது அது. கண்டுபிடிக்காவிட்டால் காவலர் தூங்குகிறார் என்று அர்த்தம். அதுபோலவே, சோதனையை அளப்பதற்கான கூடுதல் கருவிகளுடன் ஒருமுறையும், மக்களுக்குப் போகப்போகும் அதே வடிவத்தில் இன்னொரு முறையும் ஓட்டி, இரண்டிலும் ஒரே விடை வருகிறதா என்றும் பார்க்கிறார்கள். சோதித்தது ஒன்று, பறந்தது வேறொன்று என்று ஆகிவிடக் கூடாது அல்லவா?

கையால் நிரப்பும் பட்டியல்

இவ்வளவு தானியங்கிச் சோதனைகள் இருந்தும், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்பு சுமார் 200 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை மனிதர்களே ஒவ்வொன்றாக ஓட்டி முடிக்கிறார்கள். சில அம்சங்கள் சில நொடிகளில் முடியும். சில பல மணி நேரம் பிடிக்கும். விமானி புறப்படும் முன் பட்டியலைப் படித்துச் சரிபார்ப்பதுபோல!

இதையும் கணினியிடம் விட்டுவிடலாமே என்று தோன்றும். அவர்கள் தெரிந்தேதான் விடவில்லை. சோதனை 'வெற்றி' என்று சொன்னாலும், வழக்கத்தைவிட நேரம் அதிகமானதோ, ஏதோ ஓர் எச்சரிக்கை எட்டிப்பார்த்ததோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர் கண்ணில்தான் படும். அப்படிப் பிடிபட்ட குறைகள் உண்டு என்கிறது திட்டத்தின் ஆவணம். பிறகு மக்களிடம் போனபின் ஒரு குறை தெரியவந்தால், அதை முன்பே பிடித்திருக்கக்கூடிய ஒரு புதிய அம்சம் பட்டியலில் சேரும். அதே முதல் விதிதான் இங்கேயும் வேலை செய்கிறது.

100 சதவீதத்துக்கு விழுந்த அடி

இதுவரை படித்தால் எஸ்க்யூலைட்டில் வழுவே இருக்காது என்று தோன்றும். அப்படியில்லை. கதையின் மிக முக்கியமான பகுதியே இனிமேல்தான்.

மிகால் சலேவ்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஏ.எப்.எல். என்ற கருவியை உருவாக்கியிருந்தார். ஒரு மென்பொருளுக்குள் கன்னாபின்னாவென்று மாற்றப்பட்ட உள்ளீடுகளைத் திணித்துக்கொண்டே இருக்கும் கருவி அது. எந்த உள்ளீடு நிரலைப் புதிய பாதையில் கொண்டுபோகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு, அதையே மேலும் மாற்றிப் பார்க்கும். இந்த முறைக்கு 'பஸ்ஸிங்' என்று பெயர். 2015-இல் அதை அவர் எஸ்க்யூலைட் மேல் ஏவினார். குறுகிய நேரத்திலேயே இருபதுக்கும் மேற்பட்ட உள்ளீடுகள் எஸ்க்யூலைட்டை நிலைகுலைய வைத்தன. நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவன் வாய்மொழித் தேர்வில் திணறியதுபோல் ஆகிவிட்டது!

எப்படி நடந்தது? ஒரே ஒரு கிளையைக்கூட விடாமல் சோதித்தார்களே?

இதற்கு எஸ்க்யூலைட் குழுவே ஒரு நேர்மையான விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. எம்.சி./டி.சி. விதிப்படி, நிரலில் உள்ள ஒவ்வொரு கிளையும் ஏதாவது ஒரு சோதனையில் ஓட வேண்டும். 'இது நடக்கவே நடக்காது, இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு' என்று எழுதப்படும் வரிகளைச் சோதிக்க முடியாது. நடக்கவே நடக்காததை எப்படி நடத்திக்காட்டுவது? ஆகவே இந்த விதி அப்படிப்பட்ட தற்காப்பு வரிகளைக் குறைக்கத் தூண்டுகிறது. ஆனால் கெட்ட எண்ணத்தோடு வருபவன் செய்வது துல்லியமாக அந்த 'நடக்கவே நடக்காதது'தான்! நல்லவர்கள் பயன்படுத்தும்போது நிரல் உறுதியாக நிற்க ஒரு முறை உதவுகிறது. எதிரியைத் தாங்க இன்னொரு முறை உதவுகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன. நல்ல திட்டத்துக்கு இரண்டும் தேவை.

2018 டிசம்பரில் இன்னொரு அடி. சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வுக்குழு ஒன்று 'மெகல்லன்' என்று பெயரிட்ட பாதுகாப்புக் குறைகளை அறிவித்தது. எஸ்க்யூலைட்டுக்கு எஸ்.க்யூ.எல். கட்டளை எழுதுபவர் நம்பத்தக்க நிரலாளர் என்பதே அதுவரை இருந்த எண்ணம். ஆனால் குரோம் உலாவியில் அப்போது இருந்த ஒரு வசதி வழியாக, எந்த இணையப் பக்கமும் எஸ்க்யூலைட்டுக்குள் தன் சொந்தக் கட்டளைகளை அனுப்ப முடிந்தது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதே மாறிவிட்டது! அறிவிப்பு வெளிவருவதற்கு முன்பே 3.25.3 பதிப்பில் குறை திருத்தப்பட்டிருந்தது.

2019-இல் ஜூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மானுவல் ரிகர் என்ற ஆய்வாளர் வேறு வழியில் வந்தார். அவர் தேடியது நிரல் நிலைகுலையும் இடங்களை அல்ல, சத்தமில்லாமல் தவறான விடை சொல்லும் இடங்களை. அவர் முறை எளிமையானது. தரவுத்தளத்தில் ஏதோ ஒரு மாணவியின் தகவலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் மதிப்பெண் 80 என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு அந்த மாணவி கட்டாயம் பட்டியலில் வரும்படியான சிக்கலான ஒரு கேள்வியைக் கணினியே தயாரிக்க வேண்டும். விடையில் அவர் பெயர் இல்லையென்றால் தரவுத்தளம் தவறு செய்கிறது! எஸ்க்யூலைட் குழு இதற்கு முன்பே 72 லட்சம் கேள்விகளுக்கான விடைகளை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ஆரக்கிள் போன்றவற்றின் விடைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு தொகுப்பை வைத்திருந்தது. இருந்தும் ரிகர் பல பத்து வழுக்களை வெளியே கொண்டுவந்தார்.

இந்த அடிகளுக்கு எஸ்க்யூலைட் குழு எப்படி எதிர்வினையாற்றியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. 'எங்களிடம் 100 சதவீதம் இருக்கிறது' என்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வந்த வழுக்களை வேகமாகத் திருத்தினார்கள். ஏ.எப்.எல்.லை எடுத்துத் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். பிறகு கூகுளின் ஓஎஸ்எஸ்-பஸ் சேவை சேர்ந்தது. கட்டளையையும் தரவுத்தளக் கோப்பையும் ஒரே நேரத்தில் சிதைத்துப் பார்க்கும் கருவியைத் தாங்களே உருவாக்கினார்கள். அது நாள்தோறும் கோடிக்கணக்கான முறை ஓடுகிறது. இந்தத் தேடலில் கிடைத்த சுவையான உள்ளீடுகளை எல்லாம் சேர்த்து வைத்து, சாதாரணச் சோதனையோடு ஒவ்வொரு தடவையும் மறுபடி ஓட்டுகிறார்கள். நடுகற்கள் பெருகிக்கொண்டே போகின்றன!

திறந்த நிரல், மூடிய சோதனை

ஆனால் இந்தக் கதையில் நெருடும் ஒரு விஷயமும் உண்டு. எஸ்க்யூலைட்டின் நிரல் எல்லோருக்கும் பொது. டிக்கிள் சோதனைகளும் பொது. ஆனால் விமானத்தரச் சோதனையான டிஎச்3 பொது அல்ல. அது பணம் கொடுத்து உரிமம் வாங்க வேண்டிய பொருள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 9 கோடி வரி சோதனையை யாராவது எழுத வேண்டும், பராமரிக்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் யார் தருவது? 2007-இல் மொசில்லா, சிம்பியன் போன்ற அமைப்புகளின் ஆதரவோடு எஸ்க்யூலைட் கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. பணம் நிறுவனங்கள் தரும், நிரல் பற்றிய முடிவுகள் நிரலாளர்கள் கையிலேயே இருக்கும் என்பது ஏற்பாடு. டிஎச்3-ஐ விமானத்துறைக்கு விற்கலாம் என்று நினைத்ததாகவும், ஒரு பிரதிகூட விற்கவில்லை என்றும் ஹிப் ஒரு பேட்டியில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அது தன் நிரலைத் திருத்தமாக வைத்திருக்க உதவியது என்ற வகையில் அவருக்கு நஷ்டமில்லை.

இன்னொன்று, எஸ்க்யூலைட் திறமூலம்தான், ஆனால் வெளியாரின் பங்களிப்புக்குத் திறந்ததல்ல. யாரோ அனுப்பும் திருத்தத்தை அப்படியே சேர்த்துக்கொள்வதில்லை. இந்தக் கட்டுப்பாடு பிடிக்காமல் 2022-இல் லிப்எஸ்க்யூஎல் என்ற பெயரில் தனிக்கிளை ஒன்று பிரிந்தது. அதே குழுவினர் 2024 டிசம்பரில் எஸ்க்யூலைட்டையே ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் லிம்போ திட்டத்தை அறிவித்தார்கள். அப்போது அவர்கள் சொன்ன பெரிய தடைகளில் ஒன்று என்ன தெரியுமா? நிரலை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு நம்பகத்தன்மை கொடுத்த சோதனைத் தொகுப்பை எடுத்துக்கொள்ள முடியாது என்பது! ஆகவே தங்கள் சோதனை முறையை அவர்கள் தாங்களே உருவாக்க வேண்டியதாயிற்று.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. ஒரு விஷயம் மட்டும் தெளிவாகிறது. நிரல் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தாலும், அதன் மேல் உள்ள நம்பிக்கை இலவசமாக வருவதில்லை. அதற்கு யாரோ ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். உண்மையான சொத்து அந்த உழைப்புதான். எஸ்க்யூலைட்டை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். அதன் நினைவுகளை நகலெடுக்க முடியவில்லை.

மாணவர் திட்டத்துக்கு இதில் என்ன?

இறுதியாண்டுத் திட்டம் செய்யும் மாணவரிடம் வாரம் 60 மணி நேரமும் இல்லை, விமானத்தர விதிகளும் தேவையில்லை. 590 மடங்கு சோதனை எழுதச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இந்த வரலாற்றிலிருந்து செலவில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய சில வழக்கங்கள் இருக்கின்றன.

வழுவைத் திருத்தும்போது அதற்கு ஒரு சோதனையும் எழுதுவது. நிரல் இருக்கும் இடத்திலேயே சோதனையையும் வைப்பது. சில நிமிடங்களில் முடியும் ஒரு சிறு தொகுப்பு எப்போதும் கையில் இருப்பது. எல்லாம் சரியாக இருக்கும்போது மட்டுமல்லாமல், கோப்பு இல்லாதபோதும் வட்டு நிரம்பியபோதும் என்ன ஆகிறது என்று பார்ப்பது. சமர்ப்பிக்கும் முன் ஒரு காகிதத்தில் பட்டியல் போட்டுச் சரிபார்ப்பது. இவை எதற்கும் பணம் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான வழக்கம் இன்னொன்று. '100 சதவீதம்' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடாமல் இருப்பது. 2009-இல் அந்த எண்ணைத் தொட்டவர்கள் 2015-இல் அடி வாங்கினார்கள், 2018-இலும் 2019-இலும் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அடித்தவரின் கருவியையோ முறையையோ பாடமாக எடுத்துக்கொண்டு, அடுத்த வெளியீட்டுக்கான வேலையைத் தொடங்கினார்கள். 2050 வரை எஸ்க்யூலைட்டைப் பராமரிக்கப்போவதாக அந்தச் சிறு குழு அறிவித்திருக்கிறது. அதுவரை எத்தனை புதிய வழுக்கள் வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பழையவை எதுவும் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள 9 கோடி வரிகள் காவல் இருக்கின்றன.

அடுத்த முறை அலைபேசி திடீரென்று அணைந்துபோய், மறுபடி இயக்கும்போது குறுஞ்செய்திகள் எல்லாம் அப்படியே இருந்தால், அது தற்செயல் அல்ல என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் வருவதற்கு முன்பே, ஒரு போலி வட்டில் அது பல லட்சம் தடவை நடத்திப் பார்க்கப்பட்டிருக்கிறது.